கேத்திக் குளிருக்கு விறகு அடுப்பா, கேஸ் ஹீட்டரா, கரண்டா?

நீலகிரியில் வீடு என்றதும் கீழே சமவெளியில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "ரொம்பக் குளிருமா?" என்பதுதான். குளிரும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் புல் மேல் உறைபனி உப்புத் தூவியதுபோலக் கிடக்கும். கேத்திப் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டிலும் அதே கதைதான். ஆனால் மூன்று குளிர்காலம் கழித்த பிறகு சொல்கிறேன், குளிரை ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்துவிடலாம். ஈரத்தைச் சமாளிக்க முடியாது. பெல்ட்டில் பூசணம், புத்தகத்தில் பூசணம், அலமாரியைத் திறந்தால் ஈரத்துணி வாடை. இது புரியாமல் முதல் வருடம் கேஸ் ஹீட்டர், அடுத்த வருடம் கரண்டில் ஓடும் ஆயில் ரேடியேட்டர் என்று வாங்கிக் குவித்துவிட்டு, மூன்றாம் வருடம்தான் விறகு அடுப்புக்கு வந்து சேர்ந்தேன்.

கம்பி சிவக்கும் சின்ன ஹீட்டர்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. முழங்கால் சுடும், முதுகு குளிரும். கரிச்சட்டியையோ பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது தற்கொலைக்குச் சமம். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் அப்படி இறந்துபோன செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பழைய பங்களாக்களில் இருக்கும் திறந்த ஃபயர்பிளேஸ் பார்க்க அழகு, போட்டோவுக்கு நல்லது. சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும்.

சரி, கேஸ் ஹீட்டர். குழாய் கேஸ் எங்கள் பக்கம் கிடையாது, சிலிண்டரைப் பின்னால் வைத்து எரிக்கும் சக்கர ஹீட்டர்தான். பற்றவைத்த ஐந்தாவது நிமிடம் அறை சூடாகிவிடும், அதைக் குறை சொல்ல மாட்டேன். முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 300 கிராம் கேஸ் குடிக்கும். மாலை ஐந்து மணி நேரம் எரித்தால் ஒன்றரைக் கிலோ; 14.2 கிலோ சிலிண்டர் பத்து நாள்கூட வராது. வீட்டு சிலிண்டர் சமையலுக்கென்று தரப்படுவது என்பதால், அதை இதற்குத் திருப்புவது முறையும் இல்லை.

காசைக்கூட விடுங்கள். எல்பிஜி எரியும்போது கிலோவுக்குச் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. புகைக்குழாய் இல்லாத ஹீட்டர் என்றால் அது அத்தனையும் அறைக்குள்தான் போகும். அதாவது ஒவ்வொரு மாலையும் இரண்டரை லிட்டர் தண்ணீரை நானே ஹாலில் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள் வரும். சுண்ணாம்பு சரியில்லை என்று பெயிண்டரிடம் சண்டை போட்டேன், பாவம் அந்த மனுஷன். எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும் என்பது வேறு. திறந்தால் குளிர், மூடினால் ஆபத்து.

ஆயில் ரேடியேட்டர் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, சூட்டைப் பிடித்து வைக்கத்தான் அது. புகை இல்லை, நீராவி இல்லை, படுக்கையறையில் இரவெல்லாம் வைக்கலாம். ஆனால் சமையலிலும் மூச்சிலும் வரும் ஈரத்தை அது வெளியே தள்ளுவதுமில்லை. அப்புறம் பில். என்னுடையது 2,000 வாட்ஸ். தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைத்தாலும் ஒரு மாலைக்கு ஏழு யூனிட், இரண்டு மாதத்துக்கு 420 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் முறையே மாறிவிடும். கீஸர், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்தால் தாண்டாமல் இருக்க முடியாது. புயல் மழையில் மரம் விழுந்து லைன் போய்விட்டால் அந்த இரவு போர்வைதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது அபூர்வமும் இல்லை.

சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏசியை குன்னூரில் நண்பர் வீட்டில் ஒரே ஒரு இரவு அனுபவித்தேன். கரண்ட் ஒரு யூனிட் எடுத்தால் இரண்டு மூன்று யூனிட் சூடு தரும், கணக்கில் அதுதான் கெட்டி. விடியற்காலையில் வெளி யூனிட்டில் பனி படிந்து, அதை உருக்க நடுநடுவே நின்றுகொண்டது. ஒரு இரவை வைத்து அதற்குமேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இப்போது என் கட்சி. காஷ்மீர்ப் பக்கம் புகாரி என்பார்களே, அந்த மாதிரி மூடிய இரும்பு அடுப்பு ஒன்றைக் கோவையில் ஒரு ஒர்க்ஷாப்பில் செய்யச் சொல்லி வாங்கினேன். எரிவதற்கு வேண்டிய காற்றை அறையிலிருந்து இழுத்துப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளும். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து குளிர்காற்று வரும். மூடுபனியில் அதுவும் ஈரம்தானே என்று நானும் நினைத்தேன். ஆனால் 8 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவி சுமார் 8 கிராம்தான். அதே காற்று 20 டிகிரிக்குச் சூடானால் 17 கிராம் தாங்கும். உள்ளே வந்ததும் அது தாகத்தோடு இருக்கும், துணி, சுவர், மெத்தை எல்லாவற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மேலே போய்விடும். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். கேஸ் காலத்தில் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை, ரேடியேட்டரில் 70, அடுப்பு எரிந்தால் இரண்டு மணி நேரத்தில் 55. ஈரம் போன அறையில் 17 டிகிரியே போதுமாக இருக்கிறது.

செலவு என்று பார்த்தால் பெரிய லாபம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு மாலைக்கு எட்டுக் கிலோ விறகு, எழுபது ரூபாய் ஆகிறது. ரேடியேட்டர் ஒரு அறையைச் சூடாக்கும் காசில் இது ஹாலையும் பக்கத்து இரண்டு அறைகளையும் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வேலை உண்டு. தோட்டத்தில் மரம் இருக்கிறதே என்று வெட்டிவிட முடியாது, 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதனால் விறகுக் கடைதான். சீகை (வாட்டில் மரம்) நன்றாக எரியும். பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள், இரவு முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) பச்சையாக இருந்தால் குழாயில் தார் அப்பிவிடும். "ரெண்டு கட்டையத் தட்டிப் பாருங்க சார், டங்குனு கேட்டா காஞ்சது, தொப்புனு கேட்டா பச்சை" என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். மார்ச்சில் வாங்கிக் கூரைக்கடியில் அடுக்கினால்தான் டிசம்பருக்கு ஆகும். குழாயை சீசனுக்கு இரண்டு முறை பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

முதலில் குழாய் மாட்டியவர் கூரை முகட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டார். காற்று அடித்தபோதெல்லாம் புகை உள்ளே திரும்பியது. இன்னும் மூன்றடி ஏற்றியதும் சரியானது. கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கான அலாரம் ஒன்றும் மாட்டியிருக்கிறேன், அதில் கஞ்சம் பார்க்காதீர்கள். சாம்பல் முட்டைக்கோஸ் பாத்திக்குப் போகிறது. எங்கள் மண் புளிப்பு (அமிலத்தன்மை உள்ள) மண், அதற்குச் சாம்பல் நல்லது. தேயிலைக்குப் போடாதீர்கள், அதற்குப் புளிப்புதான் வேண்டும்.

சனி ஞாயிறு மட்டும் வந்து போகிறவர்கள், வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் நான் விறகைச் சிபாரிசு செய்ய மாட்டேன், ரேடியேட்டரே போதும். என்னுடையதையும் விற்கவில்லை. பரீட்சை சமயத்தில் காலை நாலரை மணிக்கு எழும் மகளுக்கு, அந்நேரத்தில் எழுந்து அடுப்பு மூட்ட வீட்டில் யாரும் தயாராக இல்லை.