மில்பர்னில் நான்கு வருடம்: காற்று முன்னறிவிப்பை நான் படிக்கும் விதம்

இங்கிலாந்தின் கம்ப்ரியாவில், பென்னைன் மலையடிவாரத்தில் இருக்கிறது மில்பர்ன். நடுவில் செவ்வகப் புல்வெளி, சுற்றிலும் அதைப் பார்த்தபடி நெருக்கமாகக் கல்வீடுகள். பழைய காலத்தில் எதிரிகளுக்குப் பயந்து அப்படிக் கட்டினார்கள் என்பார்கள். எனக்கென்னவோ காற்றுக்குப் பயந்து முதுகைக் காட்டி நிற்பது போலத்தான் தெரிகிறது.

முதல் வருடம் கைப்பேசிச் செயலி சொன்ன எண்ணை அப்படியே நம்பினேன். ஒரு மார்ச் காலை, வடகிழக்குக் காற்று மணிக்கு 18 மைல் என்று போட்டிருந்தது. இதெல்லாம் ஒரு காற்றா என்று காரில் ஏறி, ஊர் எல்லையில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். கைப்பிடி என் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போனது. கீல் வளைந்து, அதன் பிறகு அந்தக் கதவு ஒழுங்காக மூடவே இல்லை. இப்போதெல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் காரை நிறுத்துகிறேன்.

அன்று அடித்தது ஹெல்ம் காற்று. பிரிட்டனில் சொந்தப் பெயர் உள்ள காற்று இது ஒன்றுதான் என்பார்கள். வடகிழக்கிலிருந்து வரும் குளிர்ந்த காற்று, மலையின் அந்தப் பக்கம் சாய்வான சரிவில் மெல்ல ஏறுகிறது. மேலே வெப்பமான அடுக்கு ஒன்று மூடி போட்டிருந்தால் அதற்கு மேல் எழ முடியாது. அப்போது 893 மீட்டர் உயர கிராஸ் ஃபெல் சிகரத்தைத் தாண்டி, எங்கள் பக்கத்துச் செங்குத்துச் சரிவில் அணை உடைந்த வெள்ளம் மாதிரி இறங்குகிறது. கீழே வந்ததும் அலைபோல மறுபடி எழும்புகிறது. அந்த அலையின் உச்சியில் நீளமாக ஒரு மேகம் நகராமல் நிற்கும். அதை இங்கே 'பார்' (bar, பட்டை) என்கிறார்கள். கோர்டன் மேன்லி என்ற வானிலை ஆய்வாளர் 1930களின் கடைசியில் பக்கத்து கிரேட் டன் ஃபெல்லில் குடிசை போட்டு இதை அளந்தார்.

அதனால் இப்போது முதலில் பார்ப்பது திசை அம்பைத்தான். காற்றுக்குப் பெயர் அது வரும் திசையை வைத்து. நம் வாடை, தென்றல் மாதிரியே. தென்மேற்கு 30 மைல் என்றால்கூட வழக்கமான வேலை நடக்கும். வடகிழக்கு 18 என்றால் குப்பைத் தொட்டியைக் கட்டிவைப்பேன்.

அடுத்து 'கஸ்ட்', அதாவது திடீர் வீச்சு. பெரிதாகப் போட்டிருக்கும் எண் சராசரி வேகம், அதுவும் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. கதவைப் பிடுங்குவது சில நொடி வீச்சு. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு என்பதையும் கதவுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அப்புறம், ஊர்ப் பெயரோடு கிரேட் டன் ஃபெல் முன்னறிவிப்பையும் தேடிப் பார்ப்பேன். உச்சியில் என்ன வீசுகிறது என்று தெரிந்தால், கீழே என்ன கொட்டப்போகிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

கடைசியில் ஜன்னல். மலைமுகட்டில் வெள்ளைத் தொப்பி மாதிரி மேகம் படிந்திருந்தால் செயலியை மூடிவிடலாம். அந்த மேகத்துக்கும் ஹெல்ம் என்றுதான் பெயர். பக்கத்து வீட்டு ஆட்டுப் பண்ணைக்காரர் 'ஹெல்ம் போட்டாச்சு' என்பார், அவ்வளவுதான்.

ஈடன் ஆற்றை இந்தக் காற்று அநேகமாகத் தாண்டாது. காதுவரை கம்பளித் தொப்பியை இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பென்ரித் கடைத்தெருவுக்குப் போனால் அங்கே ஓர் இலை அசையாது. மக்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எப்போது நிற்கும் என்பதற்கு மட்டும் எந்தச் செயலியும் எனக்கு இதுவரை உதவவில்லை. சில சமயம் நாள்கணக்கில் அடிக்கும். பண்ணைக்காரரிடம் கேட்டேன். மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அது களைக்கிறபோது" என்றார்.