தேய்ந்த பைக் சீட்டுக்கு லெதர் ரீகலர் கிட்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

கிளீனர், ஃபில்லர், கலர், சீலர் என நாலு புட்டிகளோடு வரும் லெதர் ரீகலர் கிட்டுகள் பெரும்பாலும் சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் என்றே தயாராகின்றன. பைக் சீட்டிலும் இவை நன்றாக வேலை செய்யும். நிறம் மங்கி, மேல்பூச்சு தேய்ந்து, மயிரிழை வெடிப்புகள் விழுந்த சீட் என்றால் தாராளமாக வாங்கலாம்.

வாங்குமுன் சீட்டைக் கழற்றி, அடித்தட்டில் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும் ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள். உள்பக்கம் துணி நெசவு தெரிந்தால் அது ரெக்ஸின், அதற்கு வினைல் பெயின்ட்தான் சரி. நார்நாராக, மெத்தென்று இருந்தால் லெதர்.

கிட்டில் வரும் கிளீனர் அழுக்கை எடுக்கும். ஆண்டுக்கணக்கில் தேய்த்த ஷூ பாலிஷையும் சிலிக்கான் ஸ்ப்ரேயையும் எடுக்க அது போதாது. கலர் அடித்ததும் அங்கங்கே குழிக்குழியாக விலகி நின்றால் காரணம் இந்த மிச்சம்தான். கிளீனருக்குப் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடையுங்கள்; துணியில் பளபளப்போ பிசுபிசுப்போ ஒட்டாத வரை துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்தெடுங்கள். இந்தக் கட்டத்தில் லெதர் கண்டிஷனர் தடவவே கூடாது. அதிலுள்ள எண்ணெய், கலரை ஒட்டவிடாது.

கிட்டிலேயே பலவீனமான பொருள் ஃபில்லர். மயிரிழை வெடிப்பை அழகாக மூடும். ஆழமான வெடிப்பில் ஒரே தடவையில் அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே நின்றுவிடும், ஆள் உட்கார்ந்ததும் பிளக்கும். தாள் கனத்துக்கு ஒரு பூச்சு, முழுதாகக் காய்ந்த பின் அடுத்தது, கடைசியில் 600 நம்பர் தாள். வெடிப்பு ஃபோம் வரை இறங்கியிருந்தால் ஃபில்லர் மட்டும் நிற்காது. வெடிப்பு வழியாக மெல்லிய துணித் துண்டை உள்ளே செருகி, வளையும் தன்மையுள்ள லெதர் பசையால் ஒட்டிவிட்டு, அதன் மேல் நிரப்ப வேண்டும்.

கலர்தான் இந்தக் கிட்டின் பெருமை. நீரில் கலந்த நிறமி என்பதால் வாடை குறைவு, கைக்கு அடங்கும். முதல் பூச்சை ஸ்பாஞ்சால் அழுத்தித் தேய்த்து வெடிப்புக்குள் இறக்குங்கள். அடுத்தவற்றை ஒற்றி ஒற்றி எடுங்கள். இழுத்தால் கோடு விழும். மெல்லிய பூச்சுகளாக நாலைந்து, நடுவே ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டினால் போதும். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசிய சீட்டில், டேங்கை ஒட்டிய முன்பக்கம்தான் முதலில் உரியும். தொடை ஓயாமல் உரசுவது அங்கேதான்.

கலரைக் காக்கும் மேல்பூச்சான சீலரில் கஞ்சத்தனம் வேண்டாம். சோபா அளவுக்குக் கணக்கிட்ட இரண்டு பூச்சு, மழையில் நனையும் சீட்டுக்குப் போதாது. நாலு பூச்சு கொடுங்கள். கிராஸ்லிங்க்கர் என்னும் கடினமாக்கி தனியாகக் கிடைத்தால், புட்டியில் சொன்ன விகிதத்தில் கலந்துகொள்வது நல்லது. கலந்ததை வைத்திருந்து மறுபடி பயன்படுத்த முடியாது, ஒரு பூச்சுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். பளபளப்பு வகையைவிட மேட் வகை நல்லது: நிரப்பிய இடம் கண்ணில் படாது, உட்கார்ந்தால் வழுக்காது.

தொட்டுப் பார்த்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிட்டது போலிருக்கும். உள்ளே இறுக நாட்கள் ஆகும். ஒரு வாரமாவது ஏறி உட்காராமல், தண்ணீர் படாமல் விடுங்கள். முந்தினால் பேன்ட்டில் நிறம் ஒட்டும்.

தையல் ஓட்டைகளை இந்தக் கிட் அடைக்காது. நூல் அறுந்திருந்தால் முதலில் தைத்துவிட்டுத்தான் கலருக்கு வர வேண்டும், இல்லையென்றால் அந்த வழியாக ஃபோம் நீர் குடித்து, புதுப் பூச்சை அடியிலிருந்தே கிளப்பிவிடும். தையலோரத்தில் லெதரை விரலால் இழுத்தால் காகிதம் போலக் கிழிகிறதா? அதற்குக் கிட் வீண் செலவு, புது உறை தைத்துப் போடுங்கள்.