பெரிய பிரஷர் பட்டை: தோட்ட மருந்தகத்தில் பூட்டி வைக்கக் கூடாத பொருள்

பிரஷர் (இரத்த அழுத்தம்) அளக்கும் சாதாரணப் பட்டையைப் பருத்த கையில் சுற்றினால், காற்று ஏற ஏற வெல்க்ரோ படபடவென்று பிரியும். உடனே வரும் பேச்சு: "ஒங்க கை பெருசும்மா, மெஷின் பிடிக்கல." பழுது பட்டையில், பழி அந்த அம்மா மேல். அடுத்த மாதம் அவர் கிளினிக் பக்கமே வரமாட்டார்.

நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மருந்தகங்கள் 'எல்' (பெரிய) அளவுப் பட்டை ஒன்றையாவது வாங்க வேண்டும். வழக்கமாக 32 முதல் 42 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கு அது பொருந்தும். அதற்கும் மேலென்றால் 'எக்ஸ்எல்'.

2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 'எக்ஸ்எல்' தேவைப்பட்டவர்களைச் சாதாரணப் பட்டையால் அளந்தபோது பிரஷரின் மேல் அளவு (இரண்டு எண்களில் முதலாவது) சராசரியாக 19.5 கூடிவிட்டது. உண்மையில் 124.5, காட்டியது 144. 'எல்' தேவைப்பட்டவர்களுக்கு 4.8 கூடியது. இல்லாத பிரஷருக்கு மாத்திரை போட்டால், சரிவில் கொழுந்து பறிக்கும்போது தலை சுற்றும். அதற்கும் "உடம்பக் குறைங்க" என்பதே பதிலாக வரும்.

கண்ணால் மதிப்பிடாதீர்கள். தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே, கையைச் சுற்றி நாடா வைத்து அளவெடுங்கள். உள்ளே உள்ள றப்பர் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 வீதம், அகலம் 40 வீதம் இருக்க வேண்டும்: 40 சென்ரிமீற்றர் கைக்கு 32க்கு 16.

குறைகளும் உண்டு. மேலே பருத்து முழங்கைப் பக்கம் ஒடுங்கும் கையில் நேர்ப்பட்டையின் கீழ் ஓரம் தூக்கி நிற்கும். கூம்பாக வெட்டியது கிடைத்தால் அதையே எடுங்கள். டிஜிட்டல் மெஷினுக்கு அதே மாடலுக்கான பட்டைதான் சரி. குழாய் பொருந்துகிறதே என்று வேறொன்றை மாட்டினால் கணக்குப் பிழைக்கும். ஸ்வெட்டர் பஞ்சு ஒட்டி வெல்க்ரோ சீக்கிரம் பிடிப்பிழக்கும், அடிக்கடி துலக்க வேண்டும்.

ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவதுதான் மலைநாட்டில் அதிகம் நடக்கும் தவறு. அது கயிறு போலக் கையை இறுக்கிவிடும். திரைக்குப் பின்னால் ஸ்வெட்டரின் அந்தப் பக்கக் கையை முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். மேடேறி வந்தவரை 5 நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்க வேண்டும். அளக்கிற நேரத்தில் எடையைப் பற்றி உபதேசித்தால் பிரஷர் ஏறத்தான் செய்யும்.

பல இடங்களில் பட்டை வாங்கியும் பயனில்லை, அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. எல்லார் முன்னும் சாவி தேட வைப்பதும் அவமானந்தான். சாதாரணப் பட்டை தொங்கும் ஆணியிலேயே இதையும் தொங்கவிடுங்கள். "இந்தப் பட்டை சின்னது அக்கா, மத்தத எடுக்கிறேன்" என்றால் போதும். கிளினிக் கொப்பியில் அளவுக்குப் பக்கத்தில் 'எல்' என்று குறித்துவிட்டால், அடுத்த முறை யார் பணியில் இருந்தாலும் முதலிலேயே சரியான பட்டையை எடுப்பார்கள்.