குறையை முதலில் சொல்லும் செயலிக் கடை: எஃப்-டிராய்டு

காசு கொடுத்து வாங்கிப் பல ஆண்டுகள் பயன்படுத்திய குறிப்பேட்டுச் செயலி ஒன்று, ஒரு நாள் புதுப்பிப்பு வந்த கையோடு, நானே எழுதி வைத்திருந்த பழைய குறிப்புகளைத் திறப்பதற்கு மாதச் சந்தா கேட்டது. அந்தச் செயலி கை மாறியிருந்தது என்பதும், வாங்கியவர்கள் அதைத் தானியங்கிப் புதுப்பிப்பின் வழியாகவே என் கைப்பேசிக்குள் மாற்றி அமைத்துவிட்டார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. வேறு வழி தேடியபோது கிடைத்ததுதான் எஃப்-டிராய்டு. அன்று முதல் அதைப் பிளே ஸ்டோருடன் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எஃப்-டிராய்டு, ஆண்ட்ராய்டு கருவிகளுக்கான திறமூலச் செயலிகளை, அதாவது மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய செயலிகளை மட்டுமே வழங்குகிறது. பிற கடைகளில், செயலியை உருவாக்கியவர் ஆக்கி முடித்த கோப்பை அனுப்ப, கடை அதைச் சோதித்து அடுக்கி வைக்கும். இங்கே பெரும்பாலும் மூலநிரலையே எடுத்து, எஃப்-டிராய்டு தன் கணினிகளில் ஆக்கித் தருகிறது. அதனால் வெளியிடப்பட்டிருக்கும் நிரலுக்கும் என் கைப்பேசியில் ஓடும் செயலிக்கும் இடையே யாரும் எதையும் ஒளித்து வைக்க இடம் மிகக் குறைவு. கணக்குத் தொடங்கத் தேவையில்லை. செயலிகளின் பட்டியல் முழுவதும் கைப்பேசிக்கே இறங்கிவிடுவதால் தேடலும் அங்கேயே நடக்கிறது; நான் எதைத் தேடினேன் என்று எந்த வழங்கிக்கும் சொல்ல வேண்டியதில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது, செயலியின் பக்கத்திலேயே இடம்பெறும் எச்சரிக்கைக் குறிப்புகள்தான். விளம்பரம் காட்டுகிறதா, பயனரைக் கண்காணிக்கிறதா, மூடிய இணையச் சேவை ஒன்றை நம்பி இயங்குகிறதா, அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டை உள்ளதா என்பவற்றை நிறுவும் பொத்தானை அழுத்தும் முன்பே படித்துவிடலாம். யூடியூப் காணொளிகளைப் பார்க்கப் பலர் விரும்பும் நியூபைப் செயலியின் பக்கத்தில்கூட, அது திறமூலம் அல்லாத சேவையைச் சார்ந்திருக்கிறது என்ற குறிப்பு உண்டு. ஆப்பிள் 2020 டிசம்பரிலும் கூகுள் 2022-இலும் தம் கடைகளில் தனியுரிமைத் தகவல் பகுதிகளைக் கொண்டுவந்தன என்பது உண்மையே. ஆனால் அவற்றில் இருப்பவை செயலியை உருவாக்கியவர் தம்மைப் பற்றித் தாமே எழுதித் தருபவை. விற்பவர் அல்லாத ஒருவர் நிரலைப் பார்த்து எழுதும் குறிப்புக்கு நான் கொடுக்கும் மதிப்பை அவற்றுக்குக் கொடுக்க முடியவில்லை.

திறமூலம் என்ற நிபந்தனையின் பயன் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும். சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற எளிய செயலித் தொகுப்பு 2023-இன் இறுதியில் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, அதன் மூலநிரல் பொதுவில் இருந்ததால், ஃபாசிஃபை என்ற பெயரில் அது கிளைத்துத் தொடர்ந்தது. இன்று என் கைப்பேசியின் நாட்காட்டியும் படத்தொகுப்பும் அந்தக் கிளையிலிருந்து வந்தவை. என் குறிப்பேட்டுச் செயலிக்கு அப்படி ஒரு மறுவாழ்வு கிடைக்க வழியே இருக்கவில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. ஆக்கும் வேலையை எஃப்-டிராய்டே செய்வதால் புதிய பதிப்புகள் சில நாட்கள் தாமதமாகவே வந்து சேர்கின்றன. பாதுகாப்புத் திருத்தம் வெளிவரும்போது இந்தத் தாமதம் எனக்குக் கவலை தருகிறது. செயலி யாரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டும் மின்னணுக் கையொப்பம் பலவற்றில் எஃப்-டிராய்டினுடையதாகவே இருக்கிறது என்பதால், உருவாக்கியவர் மீது வைத்த நம்பிக்கையை நாம் இந்தக் கடையின் மீது மாற்றி வைக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. கூகுளின் மூடிய நூலகங்களுக்கு, அதாவது மூலநிரல் வெளியிடப்படாத ஆயத்த நிரல் தொகுதிகளுக்கு, இங்கே இடமில்லை. ஆகவே உடனடி அறிவிப்புக்காக அவற்றை நம்பியிருக்கும் செய்திச் செயலிகள் வேறு வழியில் இயங்க நேர்கிறது, அப்போது அறிவிப்பு தாமதமாவதையோ மின்கலம் சற்று விரைவாகக் கரைவதையோ காணலாம். வங்கிச் செயலிகளை இங்கே எதிர்பார்க்கவே வேண்டாம். நட்சத்திர மதிப்பீடும் பயனர் கருத்தும் இல்லாததால், ஒரே வேலையைச் செய்யும் ஐந்து செயலிகளில் எது நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று அறிய, கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளைப் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முன்பு ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒப்புதல் தர வேண்டியிருந்த தொல்லை, ஆண்ட்ராய்டு 12 முதல் பெரிதும் குறைந்திருக்கிறது. கடை தரகு எதுவும் எடுப்பதில்லை. விருப்பம் உள்ளவர்கள் நேரடியாக நன்கொடை அளிப்பதற்கான இணைப்பு பல செயலிப் பக்கங்களில் உண்டு.

இந்தக் கடையின் எதிர்காலம் பற்றிய கவலையும் எனக்கு இருக்கிறது. கூகுள் சான்றளித்த ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவப்படும் செயலிகளை உருவாக்குவோர், எந்தக் கடையில் வழங்கினாலும், தம் அடையாளத்தைத் தன்னிடம் பதிவு செய்ய வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. எஃப்-டிராய்டு இதை வெளிப்படையாக எதிர்த்திருக்கிறது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். தீங்கு செய்யும் செயலிகளைத் தடுக்க வேண்டியது அவசியமே. ஆனால் ஓய்வு நேரத்தில் செயலி எழுதிப் பொதுவில் வைக்கும் ஒருவர், தாம் பயன்படுத்தாத ஒரு கடையின் உரிமையாளரிடம் எதற்காகப் பதிவு செய்ய வேண்டும் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

முயன்று பார்க்க விரும்புவோர் வலையொலி கேட்கும் ஆன்டெனாபாட், கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ் டிஎக்ஸ் ஆகிய இரண்டிலிருந்து தொடங்கலாம். ஒரு செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து முன்பே நிறுவியிருந்தால், கையொப்பம் வேறுபடும்போது அதை நீக்கிவிட்டே மறுபடி நிறுவ முடியும்; நீக்கினால் உள்ளிருக்கும் தரவும் அழிந்துவிடும். எனவே அமைப்புகளுக்குள் சென்று தரவை முதலில் ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய செயலியை நீக்குங்கள்.