ஈஎல்எம் 327 புளூடூத் அடாப்டர்: குளிர்காலக் காலையில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயம். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஈஎல்எம் 327 அடாப்டரை அதில் செருகி, போனில் டார்க் அல்லது கார் ஸ்கேனர் செயலியைத் திறந்தால், செக் எஞ்சின் விளக்கு எந்தக் கோடுக்காக (கோளாறைக் குறிக்கும் எண்) எரிகிறது என்பது தெரிந்துவிடும். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கோடு படிப்பது இந்தக் கருவியின் பாதி வேலைகூட இல்லை. குளிர்ந்த காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்; அதுவும் செல்ஃப் அடிப்பதற்கு முந்தைய அரை நிமிடத்தில்.

முதலில் வாங்கும்போது கவனிக்க வேண்டியது. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட முதல் சிப்பில் நகல் தடுப்பு இல்லாததால் நகல்கள் பெருகிவிட்டன. உறையில் 1.5 என்று போட்டிருந்தால் அது நகல்தான், அந்தப் பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. 2.1 என்று அச்சிட்ட நகல்கள் பலவற்றில் பழைய தகவல் முறைகளைக் கைவிட்டிருக்கிறார்கள். கேன் என்ற புதிய தகவல் முறையில் பேசும் வண்டிகளில் இதனால் சிக்கல் வராது. பழைய வண்டியில் 'இணைப்பு இல்லை' என்று நின்றுவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளூடூத் அடாப்டரை வாங்கக் கூடாது. புளூடூத் எல்இ அல்லது வைஃபை வகைதான் அதில் வேலை செய்யும்.

இனி அந்த அரை நிமிடம். வண்டி இரவு முழுக்க, குறைந்தது எட்டு மணி நேரம், நின்றிருக்க வேண்டும். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செயலியின் லைவ் டேட்டாவில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. காற்று 5 டிகிரி என்றும் கூலன்ட் 38 டிகிரி என்றும் காட்டினால் கூலன்ட் சென்சார் பொய் சொல்கிறது. எஞ்சின் சூடாக இருக்கிறது என்று நம்பி இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் குறைத்து ஊற்றும். செல்ஃப் நன்றாக அடிக்கும், எஞ்சின் பிடிக்காது. விளக்கும் எரியாமல் இருக்கலாம், ஏனென்றால் 38 டிகிரி என்பது இசியூவின் கண்ணில் நடக்கக்கூடிய அளவுதான். கோடு மட்டும் பார்ப்பவர்கள் பிளக், பம்ப், பேட்டரி என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவது இந்த இடத்தில்தான். (எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கி வைக்கும் பிளாக் ஹீட்டர் போட்டு வைத்த வண்டியில் கூலன்ட் அதிகமாகக் காட்டுவது சரியே.)

சென்சாரா வயரா என்று பிரிப்பதும் எளிது. சாவி ஆனில் இருக்க, சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள்: திரையில் மைனஸ் 40க்குப் போக வேண்டும். கனெக்டரின் இரண்டு பின்களையும் ஒரு சிறு வயரால் இணைத்தால் 120 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் இசியூவும் நலம், சென்சாரை மாற்றுங்கள். நடக்காவிட்டால் வயரிலோ கனெக்டரிலோ பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பின் சென்சாருக்கே இது பொருந்தும். டேஷ்போர்டின் வெப்பநிலை கேஜுக்கும் சேர்த்து மூன்று, நான்கு பின் உள்ளவற்றில் வண்டியின் வயரிங் படம் இல்லாமல் கை வைக்க வேண்டாம். சோதனையின்போது பி0117, பி0118 கோடுகள் பதிவாகும். அவற்றைப் பின்னால் அழித்துவிடலாம்.

அழிப்பது என்றதும் ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே இருக்கும் கோடை அழிப்பதற்கு முன் 'ஃப்ரீஸ் ஃபிரேம்' பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நொடியில் கூலன்ட் எத்தனை டிகிரி, ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் என்ன என்று அதில் இருக்கும். பி0300 மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது) கோடு 4 டிகிரியில் பதிவாகியிருந்தால் தேடலும் குளிர்ந்த எஞ்சினில்தான் நடக்க வேண்டும். சூடான எஞ்சினை வைத்துக்கொண்டு மெக்கானிக் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. கோடை அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும், மாசுச் சோதனைக்குத் தேவையான ரெடினெஸ் நிலைகளும் (வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததற்கான பதிவுகள்) முதலிலிருந்து தொடங்கும்.

பேட்டரி விஷயத்தில் இந்தக் கருவியை அரைமனதோடுதான் பரிந்துரைக்க முடியும். நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம், ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை. இவற்றைக் காட்டும். ஆனால் நகல் அடாப்டர்கள் 0.2 முதல் 0.5 வோல்ட் வரை தவறாகக் காட்டுவது சகஜம். மல்டிமீட்டரை பேட்டரி டெர்மினலில் வைத்து ஒப்பிட்டு, செயலியில் திருத்தம் கொடுத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் குளிர்காலத்தில் உண்மையான கேள்வி. 9.6க்குக் கீழே போனால் பேட்டரியையோ, டெர்மினலையோ, எர்த் வயரையோ சந்தேகிக்க வேண்டும். அந்தச் சரிவு நொடிக்கும் குறைவு. அடாப்டர் மெதுவாகப் படிப்பதால் அதைத் தவறவிடும். சில நேரம் வோல்டேஜ் இறங்கியதும் இணைப்பே அறுந்துபோகும். குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் மல்டிமீட்டரே இதற்குச் சரி.

இணைப்பு நிலைத்தால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம்மைப் பாருங்கள். 150 முதல் 250 வரை வந்தால் நல்லது. எஞ்சின் சுற்றும் சத்தம் கேட்டும் திரையில் பூஜ்யம் என்றால் எஞ்சின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். 100க்கும் கீழே இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி, எர்த், அல்லது குளிருக்குத் தடித்துப்போன எண்ணெய்: 20டபிள்யூ-50 ஊற்றிய எஞ்சின் கடுங்குளிரில் இப்படித்தான் திணறும்.

வண்டி கிளம்பிய பிறகு தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) இது மிக அழகாகக் காட்டிக்கொடுக்கும். கூலன்ட் சீராக ஏறி 90 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் 65, 70க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. பி0128 கோடு வருவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம். ஃப்யூயல் டிரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலில் பிளஸ் 20க்கு மேல் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கினால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது.

டீசல் வண்டிக்குப் பயன் குறைவு. பி0671 என்றால் முதல் சிலிண்டரின் குளோ பிளக் (குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) சர்க்யூட் என்று சொல்லும், பிளக் போயிருக்கிறதா வயர் போயிருக்கிறதா என்று சொல்லாது. வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் நல்ல குளோ பிளக் பெரும்பாலும் ஓர் ஓமை ஒட்டியே காட்டும். எதையும் காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது.

ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு இதை நம்பி வாங்காதீர்கள். அந்தக் கணினிகளோடு பேச இது பெரும்பாலும் போதாது. சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் செயலியைத் திறக்கவே வேண்டாம், உடனே எஞ்சினை நிறுத்துங்கள். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும்.

இன்னொன்று: வேலை முடிந்ததும் அடாப்டரைச் சாக்கெட்டில் விட்டுவைக்காதீர்கள். சாவி எடுத்த பிறகும் அதற்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி 19 நாளில் பாதி காலி. குளிரில் நின்ற வண்டிக்கு அந்தப் பாதி போதாது. கழற்றும்போது நேராக இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி எடுத்தால் சாக்கெட்டின் பின்கள் தளர்ந்து, அடுத்த முறை இணைப்பு விட்டுவிட்டு வரும்.