டோர்ட்டுகேரோ ஆமைக் கரையில் தன்னார்வப் பணி: யாருக்குத் தகும், யாருக்குத் தகாது

கோஸ்டா ரிக்காவின் கரீபியக் கரையில் இருக்கிறது டோர்ட்டுகேரோ. சாலை இல்லாத ஊர். அதை ஒட்டி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளும் கருமணல் கரையில்தான் மேற்கு அரைக்கோளத்திலேயே மிக அதிகமான பச்சைக் கடலாமைகள், அதாவது நம் மீனவர்கள் பேராமை என்று சொல்பவை, முட்டையிடுகின்றன. 1950களில் இந்தக் கரையை மைல் மைலாகப் பிரித்து, மைலுக்கு ஓர் ஆள் அமர்த்தி, ஏறிவரும் ஆமைகளை மல்லாக்கப் புரட்டிப்போட்டு விற்றார்கள். அந்தக் காலத்திலேயே, 1955-ல், ஃபுளோரிடா பல்கலைக்கழக விலங்கியலாளர் ஆர்ச்சி கார் இங்கே ஆமைகளை அடையாளம் காண எண் தகடு பூட்டத் தொடங்கினார். அந்த வேலைக்காக 1959-ல் உருவான அமைப்புதான் இன்றைய சீ டர்டில் கன்சர்வன்சி. வாரக் கணக்கில் வந்துபோகும் பங்கேற்பாளர்களும், பருவம் முழுதும் தங்கும் ஆராய்ச்சி உதவியாளர்களும் சேர்ந்துதான் அதன் இரவு ரோந்து நடக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆமைக்குஞ்சைக் கையில் ஏந்திப் படம் எடுக்க வேண்டும் என்பவர்கள் இங்கே போக வேண்டாம். இரவில் கேமராவுக்கே இடமில்லை. இருட்டில் நான்கு மணி நேரம் நடந்து, எண்ணி, அளந்து, ஒரு தாளில் பிழையில்லாமல் எழுதித் தர முடியும் என்பவர்கள் தயங்காமல் போகலாம். தன்னார்வலர் தரும் எண்ணை உண்மையிலேயே பயன்படுத்தும் இடங்கள் உலகில் குறைவு. இது அவற்றில் ஒன்று.

எந்த மாதம் போவது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மார்ச் முதல் ஜூன் வரை ஏழுவரி ஆமை, அதாவது லெதர்பேக் எனப்படும் ஆமையின் காலம். இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தடம் பதிக்கும் அந்தப் பேருருவைப் பார்க்கும் ஆசை நியாயமானதுதான். ஆனால் இந்தக் கரையில் அவை வெகுவாகக் குறைந்துவிட்டன. ஒரு வாரம் முழுக்க நடந்தும் ஒன்றையும் காணாமல் திரும்ப நேரலாம். பேராமைகள் ஜூனில் வரத் தொடங்கி அக்டோபர் வரை வரும்; ஆகஸ்ட், செப்டம்பர்தான் உச்சம். அந்த இரண்டு மாதங்களில் ஒரே இரவில் எந்த ஆமையை விட்டு எந்த ஆமையைக் கவனிப்பது என்று குழு திணறும். முதல்முறை போகிறவர்களுக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை நல்ல காலம். செப்டம்பரில் மழையும் சற்று ஓயும்.

ரோந்து இரண்டு முறையாக நடக்கும்: இரவு 8 முதல் 12 வரை, 12 முதல் 4 வரை. கரையின் வடமுனையிலிருந்து 5 மைல் தூரத்துக்கு, ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 200 மீட்டருக்கு ஒரு குறிக்கம்பம் உண்டு. எந்தப் பதிவும் அந்தக் கம்பத்தின் எண்ணோடுதான் தொடங்கும். வெளிச்சம் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. தாளில் எழுதும்போது மட்டும், அதுவும் சிவப்பு விளக்கு. முதல் அரை மணி நேரம் ஒதுங்கிக் கிடக்கும் மரக்கட்டைகளில் கால் இடறும். பிறகு கண் பழகிவிடும். நடுவில் யாராவது கைபேசித் திரையைத் திறந்தால் பழகிய கண் அத்தனைபேருக்கும் கெட்டுவிடும். கரையேறும் ஆமையும் திரும்பிவிடும். முட்டையிடாமல் அப்படித் திரும்பிய தடம் பிறைபோல வளைந்திருக்கும். அதையும் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அதுவும் கணக்குதான்.

ஆமை கரையேறி, உடல் அமரக் குழி பறித்து, பிறகு பின்துடுப்புகளால் முட்டைக்குழி தோண்டும். அதுவரை யாரும் முன்னால் போகக் கூடாது. பின்பக்கமாக, தாழ்ந்து, அசையாமல் காத்திருக்க வேண்டும். பின்துடுப்பு மணலை அள்ளுவது நின்றதும்தான் வேலை தொடங்கும். ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு ஆமைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, குழிக்குள் கைவிட்டு, விழும் முட்டைகளை எண்ணுவார். மறு கையில் அழுத்தும் கவுண்டர். ஒன்று, இரண்டு, சில சமயம் நான்கு என்று வழுவழுப்பான திரவத்தோடு சேர்ந்து விழும். எலுமிச்சை அளவில், தொட்டால் லேசாக அமுங்கும் முட்டை. பேராமை ஒரு தடவைக்கு நூற்றுச் சொச்சம் இடும். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் பின்துடுப்பு தள்ளிய மணல் வாயில், கண்ணில் எல்லாம் போயிருக்கும். அசையக் கூடாது.

பிழை இங்கேதான் நுழைகிறது. இரண்டு சேர்ந்து விழும்போது ஒரே தடவை அழுத்துவது, பதற்றத்தில் இரண்டு தடவை அழுத்துவது, முதல் பத்து முட்டை விழுந்த பிறகே குழிக்குள் கையை நுழைத்து, அதைத் தாளில் குறிக்காமல் விடுவது. ஓர் எடுத்துக்காட்டு: இட்ட அன்று 110 என்று பதிவு. இரண்டு மாதம் கழித்துத் தோண்டும்போது 88 வெற்று ஓடும் பொரிக்காத 12 முட்டையும் கிடைக்கின்றன. மீதிப் பத்து எங்கே? நண்டா, நாயா, முட்டைத் திருடனா என்று தேடுவார்கள். எண்ணியவர் தூக்கக் கலக்கத்தில் பத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தால், இல்லாத திருடனைத் தேடுகிறார்கள் என்று பொருள். தவறவிட்டேன் என்று எழுதுவதில் வெட்கமே வேண்டாம். ஊகத்தால் நிரப்பிய எண்தான் கெடுதல் செய்யும்.

குழியின் இடத்தைக் குறிப்பதற்கு மூன்று செடிகளில் வண்ண ரிப்பன் கட்டி, முட்டைக்குழியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தூரம் அளப்பார்கள். மூன்றும் சேரும் புள்ளிதான் கூடு. இரண்டு போதாதா என்று கேட்கத் தோன்றும். அலையிலோ காற்றிலோ ஒரு ரிப்பன் போனாலும் மற்ற இரண்டை வைத்துக் கண்டுபிடிக்கத்தான் மூன்றாவது. அளவு நாடா தொய்ந்திருந்தாலோ, புதரைச் சுற்றி வளைந்து போயிருந்தாலோ இரண்டு மாதம் கழித்து வேறு யாரோ அரை நாள் மணல் தோண்டி ஒன்றும் கிடைக்காமல் நிற்பார்கள்.

எண் பூட்டும் வேலையைப் பயிற்சி பெற்ற உதவியாளர் செய்வார். முட்டையிட்டு முடித்து மணல் மூடத் தொடங்கிய பிறகே பூட்டுவார்கள். துருப்பிடிக்காத இன்கோனெல் உலோகத் தகடு. பேராமைக்கு முன்துடுப்பில், ஏழுவரி ஆமைக்குப் பின்துடுப்பருகே. தகடு பூட்டும் இடுக்கியை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். முனை மறுபக்கத் துளைக்குள் போய் மடங்கியதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பாதி மடங்கிய தகடு சில மாதத்தில் கழன்றுவிடும். இறுக்கிப் பூட்டியது சதையை அரிக்கும். தொளதொளப்பாக நிற்பது வலையில் மாட்டும். பங்கேற்பாளரின் பங்கு எண்ணைத் திருப்பிப் படிப்பதும் பழைய தழும்பைத் தேடுவதும்தான். துடுப்பின் ஓரத்தில் சிறு வெட்டோ, ஆறிய துளையோ விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்த ஆமை முன்பு எண் பெற்று இழந்தது. அதைக் கவனிக்காமல் புது எண் பூட்டினால், பல ஆண்டுகளாக வந்துபோகும் ஆமை கணக்கில் புதுமுகமாகிவிடும். இருட்டில், மழையில், அசையும் துடுப்பைத் தடவிச் செய்யும் இந்தச் சின்ன வேலைக்கு அவ்வளவு கனம் உண்டு.

பகலில் கூடு தோண்டும் வேலை இருக்கும். பொரித்து முடிந்த கூட்டில் ஓடுகளை வகைபிரிப்பார்கள்: பாதிக்கு மேல் முழுதாக இருக்கும் ஓடு ஒன்று என எண்ணப்படும், துணுக்குகள் எண்ணப்படா. பொரிக்காதவற்றை உடைத்து, உள்ளே கரு உண்டா, எந்தப் பருவத்தில் நின்றது என்று பார்ப்பார்கள். அழுகிய முட்டையின் நாற்றம் கையுறையைத் தாண்டி நாளெல்லாம் கூடவே வரும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் தாளில் எழுதும் பக்கம் நிற்கலாம்.

இத்தனை பிசகாத எழுத்து எதற்கு என்றால், 1970களிலிருந்து தொடரும் தடக்கணக்குதான் இங்கே கூடுகள் பல மடங்கு கூடியதைக் காட்டியது. சமீப ஆண்டுகளில் அது சரியத் தொடங்கியிருப்பதை, 2023-ல் வெளியான ஆய்வில் காட்டியதும் அதே கணக்குதான். நன்றாகப் போகிறது என்ற நம்பிக்கையில் உலகம் இருந்தபோது எச்சரிக்க முடிந்தது அந்தத் தாள்களால்.

இனி உடலும் பையும். ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்குக்கு மேல். துணி காயாது. இரண்டு செட் ரோந்து உடை போதும், அடர்நிறமாக இருக்க வேண்டும். வெள்ளை, வெளிர்நிறம் கூடாது. மழைக்கோட்டும் அடர்நிறமே. மணலில் நடக்கச் செருப்பு உதவாது. மூடிய பழைய ஷூ, கூடவே காயவைக்க மாற்று ஜோடி. சிவப்பு ஒளி தரும் ஹெட்லாம்ப், அதற்கு உபரி பேட்டரி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றுப்புகாத பெட்டி. பேனா வேண்டாம், பென்சில். கொசுவுக்கும் மணல் ஈக்கும் முழுக்கைச் சட்டைதான் முதல் காப்பு. டெங்கு உள்ள பகுதி. கொசுமருந்தைத் தடவினால், ஆமையையோ முட்டையையோ தொடும் கையில் பூசாதீர்கள். கடலில் குளிக்கும் எண்ணமும் வேண்டாம்: இழுப்பு பலம், சுறாவும் உண்டு. கால்வாய்களில் முதலை. முழங்கால் வலி உள்ளவர்கள், இரவில் நெடுநேரம் விழிக்க முடியாதவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. நடுவில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் குழுவே நிற்கும்.

சாப்பாடு நமக்கு அந்நியமாக இராது. காலையில் சோறும் கருப்பு பீன்ஸும் கலந்த காயோ பிந்தோ. கரீபியக் கரையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் பீன்ஸும் கிடைக்கும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். ஊறுகாய்ப் பொட்டலம் எடுத்துப் போகிறவர்கள் அதைக் கடைசிவரை பாதுகாப்பார்கள்!

போகும் வழி: சான் ஹோசேயிலிருந்து பேருந்தில் கரியாரி, அங்கிருந்து வேறு பேருந்தில் லா பவோனா படகுத்துறை, பிறகு ஆற்றிலும் கால்வாயிலுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் படகு. காலையிலேயே கிளம்பினால்தான் ஒரே நாளில் சேரலாம். விமானம் பகலில் இறங்கினாலும் அன்றிரவு சான் ஹோசேயில் தங்குவதாகவே திட்டமிடுங்கள். பெரிய பெட்டி படகுக்குச் சுமை. முதுகுப்பையும் அதற்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையும் போதும். பணத்தைக் கொலோன் என்ற அந்நாட்டு நாணயத்தில் ரொக்கமாகவே கொண்டுபோங்கள், ஊருக்குள் ஏடிஎம்மை நம்ப வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசா விதிகளைக் கோஸ்டா ரிக்கத் தூதரகத்திடம் எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்; அமெரிக்காவின் பலமுறை நுழைவு விசா வைத்திருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. பலர் மறப்பது இடைவழி விசாவை. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். ஐரோப்பா வழியாக என்றால் நாட்டுக்கு நாடு விதி மாறும். டிக்கெட் எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் பணம் போகும்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். 2013 மே 31 அன்று, டோர்ட்டுகேரோவுக்குத் தெற்கே லிமோன் நகரருகே மோயின் கரையில், ஏழுவரி ஆமைகளைக் காக்க ரோந்து போன ஹைரோ மோரா சாண்டோவால் என்ற 26 வயது இளைஞர் கொல்லப்பட்டார். உடன் இருந்த வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் கடத்தப்பட்டார்கள். 2002-ஆம் ஆண்டின் 8325-ஆம் சட்டம் ஆமைகளைக் காக்கிறது. ஆனால் முட்டைத் திருட்டுக்குச் சந்தை இருக்கும்வரை ஆபத்தும் உண்டு. டோர்ட்டுகேரோ, தேசியப் பூங்காவை ஒட்டிய, சுற்றுலாவால் வாழும் ஊர்; மோயின் போலல்ல. இருந்தாலும் எந்த ஆமைத் திட்டத்தில் சேரும்போதும் கேளுங்கள்: ரோந்துக்குக் குறைந்தது எத்தனை பேர், தொடர்புக்கருவி என்ன, திருடர்களைக் கண்டால் என்ன செய்யச் சொல்கிறீர்கள்? விலகி வந்துவிடுங்கள், காவலரிடம் சொல்லுங்கள் என்பதுதான் சரியான பதில். வேறு எந்தப் பதிலும் வந்தால் அங்கே சேராதீர்கள்.

கட்டணம் வாரக் கணக்கில். படுக்கை, மூன்று வேளை உணவு, பயிற்சி சேர்ந்ததா என்று பாருங்கள். விமானம், சான் ஹோசே தங்கல், காப்பீடு தனி. இடைத்தரகு நிறுவனம் வழியாகப் போனால் நீங்கள் கட்டுவதில் எவ்வளவு கரையில் வேலை நடத்தும் ஆமை நிலையத்துக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். நிலையத்துக்கே நேராக எழுதினால் பெரும்பாலும் செலவு குறையும், பதிலும் தெளிவாக வரும்.

இதே பெயரில் விற்கப்படும் மட்டமான திட்டங்களை அடையாளம் காண்பது கடினமில்லை. குஞ்சுகளைத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். இலங்கையின் தென்மேற்குக் கரையில் சுற்றுலாப் பயணிகளுக்காக இது வெகுவாக நடக்கிறது. பொரித்த முதல் நாளில் குஞ்சுக்கு ஆழ்கடல் நோக்கி நீந்தும் வேகம் இயல்பிலேயே உண்டு. மஞ்சள்கருவில் மிஞ்சிய தெம்பு அதற்குத்தான். தொட்டிச் சுவரில் முட்டி முட்டி அது தீர்ந்துவிடும். பகல் வெயிலில் விடுவதும் பறவைக்கு இரை போடுவதுதான். முட்டைகளை இடம் மாற்றினால் இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு உருட்டினால் ஓட்டில் ஒட்டிய கரு கிழிந்து செத்துவிடும். இந்த மூன்றையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். டோர்ட்டுகேரோவில் கூடுகள் இட்ட இடத்திலேயே விடப்படுகின்றன, அதுவே சிறந்தது.

பயணத்துக்குப் பணம் கட்டும் முன் சென்னையில் ஓர் இரவு நடந்து பாருங்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பங்குனி ஆமைகளுக்காக (ஆலிவ் ரிட்லி) ரோந்து போகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பொதுமக்களையும் கூட்டிச் செல்வார்கள். ஆறேழு கிலோமீட்டர் மணல், நள்ளிரவு, வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பும் உண்டு. விடிகாலையில் வீடு திரும்பும்போது அடுத்த வாரமும் வரலாமா என்று தோன்றினால் கோஸ்டா ரிக்காவுக்கு எழுதுங்கள். ஆகஸ்டுக்கு இடம் வேண்டுமென்றால் மார்ச்சிலேயே எழுதிவிடுவது நல்லது.