மூழ்கிய பழைய அவுட்போர்டு என்ஜின்: ஓட்டிப் பார்ப்பதா, ஊறப்போடுவதா, பிரித்துவிடுவதா?

கரையலையில் ஃபைபர் படகு கவிழ்ந்து, அதன் பின்னால் மாட்டிய அவுட்போர்டு என்ஜின் தண்ணீருக்குள் போய்விட்டால், அதைத் தூக்கி மணலில் போடும்போதே சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எங்கள் சித்தப்பாவின் 9.9 குதிரைச் சக்தி டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடும்) என்ஜின் அப்படிப் போனபோது எடுபட்ட யோசனை இது: "மேல நல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டு நிழல்ல வைங்க, காலைல பாத்துக்கலாம்." இருக்கிற வழிகளிலேயே மோசமானது இதுதான். அது புரிய எங்களுக்கு ஒரு கிராங்க் பேரிங் (பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது) செலவானது.

தண்ணீருக்குள் கிடக்கும்வரை என்ஜினின் உட்புறம் மெதுவாகத்தான் கெடும். வெளியே வந்ததும் உப்பு ஈரத்தோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். பளபளவென்றிருக்கும் உருக்குப் பேரிங்கில் சில மணி நேரத்திலேயே துரு பூக்கும். அதனால் என்ஜின் எப்போது விழுந்தது என்பதைவிட, எப்போது தூக்கினோம் என்பதைத்தான் குறித்துவைக்க வேண்டும்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கேள்வி இருக்கிறது: விழுந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா? ஓடும் என்ஜின் கார்புரேட்டர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும்போது அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, என்ஜின் உச்சியில் இருக்கும் சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. ஓரிடத்தில் இறுகினாலோ, மணல் அரைக்கிற மாதிரி 'கரகர' என்றாலோ கையை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கயிறு இழுக்கவே கூடாது.

சுழற்சி சுத்தமாக இருந்து, என்ஜினும் டூ ஸ்ட்ரோக்காக இருந்தால், என் ஓட்டு அன்றைக்கே உயிர்ப்பிப்பதற்குத்தான். யமஹா கையேடு முழுக்கச் சோதிக்காமல் ஓட்டாதே என்கிறது. அது நியாயம்தான். ஆனால் பட்டறை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கரையில் அந்த நியாயம் துருவுக்குத்தான் சாதகம்.

செய்முறை இப்படி. மூடியைக் கழற்றிவிட்டு எல்லா இடத்திலும் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவவேண்டும். என்ஜின் பற்றாமலிருக்கக் கில் சுவிட்ச் கிளிப்பை உருவிவிட்டு, பிளக் ஓட்டைகள் தரையைப் பார்க்கும்படி என்ஜினைச் சாய்த்து, கயிற்றை மெல்ல இழுக்கவேண்டும். முதல் இழுப்பில் அழுக்குத் தண்ணீர் பீய்ச்சியடிக்கும், நான்கைந்தாவதில் துளித்துளியாகும். கார்புரேட்டர் கிண்ணம், எரிபொருள் குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள், பழைய பெட்ரோலில் ஒரு சொட்டையும் நம்பவேண்டாம். அப்புறம் பெயின்ட் கடையில் கிடைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைச் சிலிண்டருக்குள்ளும் கார்புரேட்டர் வாய்க்குள்ளும் ஊற்றிச் சுற்றவேண்டும். ஸ்பிரிட் தண்ணீரோடு கலந்து அதையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். (பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) கடைசியாக டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மறுபடி சுற்றி, புது பிளக் போடலாம்.

வழக்கமாக லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்கிற என்ஜின் என்றால் அன்றைக்கு 40 மில்லி. மண்ணெண்ணெயில் ஓடுகிற என்ஜினாக இருந்தாலும் அன்றைக்குப் பெட்ரோல் மட்டும்தான். நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி, அரை மணி நேரமாவது மிதமான வேகத்தில் ஓடவிட்டால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தை என்ஜினின் சூடே விரட்டிவிடும். டிரம் இல்லாமல் காய்ந்த தரையில் ஓட்டினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிப்போகும்.

அன்றைக்கே இதெல்லாம் முடியாதபோது அடுத்த வழி, கேட்பவர்கள் சிரிக்கிற வழி: என்ஜினை மறுபடி தண்ணீரிலேயே போடுவது. 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, தலை கீழே போகும்படி கவிழ்த்து, அந்தத் தலைப்பகுதியை முழுக்க மூழ்கவைத்துவிட வேண்டும். காற்று படாது, உப்பும் கரையும். தண்ணீரை ஒருமுறை மாற்றினால் இன்னும் நல்லது. மெக்கானிக் நாளை வருவார் என்றால் எனக்கு இதில் தயக்கமே இல்லை. ஆனால் இது நேரம் வாங்கித் தருமே தவிர வேறெதுவும் செய்யாது. அலுமினியமும் இரும்பும் சேர்ந்து தண்ணீரில் கிடந்தால் அரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம்.

இதற்குப் போட்டியாகக் கரையில் செல்வாக்குள்ள வழி, டீசல் ஊற்றி வைப்பது. காலையில் சித்தப்பா அதைத்தான் செய்தார். என்ஜினை மரச்சட்டத்தில் நிமிர்த்தி மாட்டி, பிளக் ஓட்டை வழியாக வழிய வழிய டீசல். மெக்கானிக் வந்தது நான்கு நாள் கழித்து. கிராங்க் ஷாஃப்டை வெளியே எடுத்துத் துணியால் துடைத்துக் காட்டினார். மேல் பேரிங் புதுசு மாதிரி மின்னியது. கீழ் பேரிங்கின் உருளைகளில் செம்மண் தடவியது போலத் துரு, விரல் நகத்தால் தடவினால் குழிகள் தட்டுப்பட்டன. "டீசல் தண்ணி மேல மிதக்கும்ணே," என்றார் அவர் சித்தப்பாவிடம், "அடில தேங்குன தண்ணிய அது என்ன பண்ணும்?" அவுட்போர்டில் கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கிறது. மிஞ்சிய தண்ணீரெல்லாம் இறங்கித் தேங்குவது அந்தக் கீழ் பேரிங்கில்தான். போதாததற்கு உப்பு டீசலில் கரைவதும் இல்லை. நல்ல தண்ணீர், ஸ்பிரிட், அதற்குப் பிறகு எண்ணெய் என்ற வரிசையில் போனால் இந்த வழி மோசமில்லை. முதல் இரண்டையும் விட்டுவிட்டால் துருவுக்கு மூடி போட்டு வைத்த மாதிரிதான்.

முழுசாகப் பிரிப்பதுதான் பிழையில்லாத வழி என்று சொல்வார்கள். புது என்ஜினுக்கு ஒத்துக்கொள்கிறேன். மணல் புகுந்திருந்தால், ஓடும்போது மூழ்கிச் சுழற்சியும் இறுகியிருந்தால், வெளியே எடுத்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தால் பழையதற்கும் வேறு வழி கிடையாது. 2004 சுனாமியிலும் 2018 கஜா புயலிலும் மணலுக்குள் புதைந்த என்ஜின்களைக் கயிறு இழுத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஆனால் பதினைந்து வருடம் உப்புத் தண்ணீரில் உழைத்த என்ஜினில் அலுமினியத்துக்குள் இருக்கும் உருக்கு போல்ட்டுகள் கல்லாகியிருக்கும். சூடுகாட்டி, துருவை இளக்கும் எண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருப்பினாலும் ஒன்றிரண்டின் தலை முறிந்து கையோடு வரும். முறிந்த போல்ட்டைத் துளைத்தெடுக்கும் கூலி, கேஸ்கெட், சீல், பேரிங் எல்லாம் சேர்ந்து பல நேரம் என்ஜினின் மதிப்பைத் தாண்டிவிடும். மூழ்கியதில் தப்பித்தது பிரிப்பதில் சாகிற கதை இது.

ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அடியில் உள்ள ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி வெளுத்திருக்கும். வடித்து, புது ஆயில் ஊற்றிச் சுற்றி, வெளுப்பு போகும்வரை மறுபடி மாற்ற வேண்டும். வால்வுகளும் கேம் ஷாஃப்டும் வேறு இருப்பதால், அன்றைக்கே ஓட்டும் துணிச்சல் இதில் எனக்கு இல்லை. டிரம், பிறகு மெக்கானிக்.

எதுவும் தேறாவிட்டாலும் மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கியர் இருக்கும் கீழ்ப்பகுதி தண்ணீரில் கிடப்பதற்கென்றே செய்தது. வடித்துப் பார்க்கும்போது கியர் ஆயில் வெளுக்காமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மின்பொறிக்கான சிடிஐ பெட்டியும் பிசினுக்குள் வார்த்தது என்பதால் பெரும்பாலும் பிழைத்துவிடும், இணைப்பு முனைகளைச் சுத்தம் செய்தால் போதும். எங்களுக்குக் கீழ் பேரிங் மாற்றியும் என்ஜின் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. கீழ்ப்பகுதியையும் புரொப்பெல்லரையும் பக்கத்துத் தெருக்காரர் வாங்கிப்போனார். அவர் படகில் அது இன்னும் ஓடுகிறது.